எவ்வளவு என்ற கேள்வி

பம்ப் ஸ்டவ் நீலமாகச் சீறிக்கொண்டிருக்கும். ரசம் பொங்கி ஒரு சொட்டு அதன்மேல் விழும். அவ்வளவுதான், ஜுவாலை பளிச்சென்று மஞ்சளாகிவிடும். சிறு வயதில் நான் இதைப் பார்த்து வியந்து, “ஏன் பாட்டி?” என்று கேட்டேன். “உப்புடா. எங்கே இருந்தாலும் தன்னைக் காட்டிக்கொண்டுவிடும்” என்றாள். உப்பு இருக்கிறது என்பதைத் தீ சொல்லிவிட்டது. எவ்வளவு உப்பு என்று அது சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. விஞ்ஞான உலகம் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் காண அறுபது வருஷங்களுக்கு மேல் ஆயின என்பதைப் பிற்பாடுதான் படித்தேன்.

1859-ஆம் வருஷம். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரம். அங்கே ராபர்ட் புன்சன் என்ற ரசாயனப் பேராசிரியர் இருந்தார். இளமையில் சோதனையின்போது ஏற்பட்ட வெடிவிபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். நிறமே இல்லாமல் எரியும் தம்முடைய வாயு விளக்கில் உப்புகளைப் பிடித்து, அவை தரும் நிறங்களை வண்ணக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் கிர்க்காஃப் பௌதிகம் கற்றவர். “வண்ணக் கண்ணாடி எதற்கு? முப்பட்டைக் கண்ணாடி வழியே பாருங்களேன்” என்று யோசனை சொன்னார். உட்புறம் கறுப்படித்த ஒரு பெட்டி, இரண்டு தொலைநோக்கிக் குழாய்கள், நடுவில் ஒரு பட்டகம். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளைக் காட்டிற்று.

அந்த மஞ்சள் கோட்டை அவர்களுக்கு முன்பே பலர் கண்டிருந்தார்கள். எதை எரித்தாலும் அது வந்து நின்றதால், அது எதன் அடையாளம் என்று குழம்பினார்கள். இவர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை வெடிக்கவிட்டு, எட்ட இருந்த தீயைக் கவனித்தார்கள். சில நிமிஷங்களில் மஞ்சள் கோடு தோன்றியது. கணக்குப் போட்டால், ஒரு மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு சோடியம்கூடத் தீயின் கண்ணுக்குத் தப்பவில்லை!

1860-இல் டூர்க்ஹைம் ஊற்று நீரில் யாருக்கும் தெரியாத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. வான நீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் புதிய தனிமத்துக்குச் சீசியம் என்று பெயரிட்டார்கள். அதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாமா? ஏறக்குறைய 44 ஆயிரம் கிலோகிராம் தண்ணீரைச் சுண்ட வைத்தார் புன்சன். கிடைத்த சீசியம் குளோரைடு சுமார் 7 கிராம்!

அந்த ஏழு கிராமை வைத்துச் சீசியத்தின் அணு எடை 123 சொச்சம் என்றார். அது தவறு. 1863-இல் அமெரிக்காவில் ஜான்சன், ஆலன் என்ற இருவர் 133 என்று கண்டார்கள். புன்சனும் மறுபடி நிறுத்துத் தம் கணக்கைத் திருத்திக்கொண்டார். என்ன பொருள் என்பதில் ஒளி அவரை ஏமாற்றவில்லை. எவ்வளவு என்று வந்தபோது தராசு ஏமாற்றிவிட்டது.

ஒளியைக் கொண்டே அளவையும் கண்டுவிடலாமே என்று பலர் முயன்றார்கள். ஆனால் தீ ஆடுகிறது. மின்பொறி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. போட்டோத் தகடு ஒருநாள் போல் மறுநாள் கறுப்பதில்லை. நிறமாலைத் துறையில் மகாபண்டிதரான ஹைன்ரிக் கைசரே, 1910-இல், இந்த வழியில் அளவு காண்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று கைவிரித்துவிட்டார்.

1925-இல் வால்டர் கெர்லாக் வழி காட்டினார். பனைமரத்தின் உயரம் தெரிய வேண்டுமானால் நம் கிராமத்துப் பையன் என்ன செய்வான்? பக்கத்தில் ஒரு கோலை நட்டு இரண்டின் நிழலையும் ஒப்பிடுவான். சூரியன் நகர்ந்தாலும் இரண்டு நிழலும் சேர்ந்தே நீளும், விகிதம் மாறாது. கெர்லாக் செய்ததும் அதுவே. அளவு தெரிந்த வேறொரு தனிமத்தின் கோட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். தீ ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடட்டும்!

1964-இல் இங்கிலாந்தில் கிரீன்ஃபீல்டும், அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஃபாஸலும், ஆர்கான் வாயுவைப் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேற்றிய பிளாஸ்மாவை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். இன்று ஆய்வுக்கூடத்தில் நீரை மூடுபனிபோல் அதற்குள் செலுத்துகிறார்கள். சில நிமிஷங்களில் பல தனிமங்களின் அளவும் வந்துவிடுகிறது.

அளவில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? தாமிரம் உடம்புக்கு வேண்டும். மிஞ்சினால் அதுவே நஞ்சு. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள வழிகாட்டி எல்லை. “தண்ணீரில் தாமிரம் இருக்கிறது” என்று மட்டும் ஒருவர் சொன்னால், நாம் பயப்படுவதா, நிம்மதியாகக் குடிப்பதா?

இதில் என் மனத்தைத் தொட்டது வேறொரு வழக்கம். சோதனைக்கு வந்த நீரை அளக்குமுன், சுத்த நீரை வைத்து ஒரு முறை அளக்கிறார்கள். பாத்திரத்திலிருந்தும் தங்கள் கையிலிருந்தும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளத்தான். அதைக் கழித்துவிட்ட பிறகே பிறத்தியார் கணக்கைச் சொல்கிறார்கள். மனிதர்களை எடைபோட்டுக் கதை எழுதும் நான் அந்த முதல் அளவை எத்தனை தடவை எடுத்திருக்கிறேன்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.