ஸ்மையல்

எழுத்தாளர் டோல்கீனின் கற்பனை உலகமான மத்திய பூமியில் ஹாபிட்கள் என்ற குள்ள இனத்தார் குன்றைக் குடைந்து, பல கிளைகளாகப் பிரித்துக் கட்டிய வளைவீட்டுக்கு ‘ஸ்மையல்’ என்று பெயர். டூக் என்ற ஹாபிட் குடும்பத்தாரின் ‘பெரிய ஸ்மையல்கள்’ இந்த வகையில் பேர்பெற்றவை.

வாய்க்கு வந்த ஒலியைப் பெயராக வைத்துவிடவில்லை டோல்கீன். 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். அம்மொழியில் ‘ஸ்மிகெல்’ என்றால் வளை, பொந்து. ‘ஸ்மூகன்’ என்றால் ஊர்ந்து நுழைதல். வழக்கொழிந்த ‘ஸ்மிகெல்’ இன்றுவரை பேச்சில் இருந்திருந்தால் எப்படித் தேய்ந்திருக்கும் என்று கணித்து உருவாக்கிய வடிவம்தான் ஸ்மையல். அவர் கதைகளில் வரும் கொல்லம் என்ற திருடனின் பழைய பெயரான ஸ்மியாகோலும், ஸ்மாக் என்ற டிராகனின் பெயரும் இதே வேரில் பிறந்தவை. ஒரு வினைச்சொல்லிலிருந்து வீட்டையும் திருடனையும் டிராகனையும் எடுத்திருக்கிறார்! மொழியறிவு இப்படிக் கற்பனையாக மாறுவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை.

வளை என்றதும் இருட்டும் ஈரமும் நினைவுக்கு வரும். ஆனால் 1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ கதையில் பில்போ என்ற ஹாபிட்டின் வீடு அப்படிப்பட்டதன்று. பச்சை வண்ணம் பூசிய வட்டக்கதவு, அதன் நட்டநடுவில் பித்தளைக் குமிழ், உள்ளே மரப்பலகை அடித்த சுவர், கம்பளம் விரித்த தரை. மாடி கிடையாது. குன்றின் வெளிப்பக்கம் பார்த்த அறைகளுக்கு மட்டுமே ஜன்னல் உண்டு என்பதால் அவையே நல்ல அறைகள்.

பிற்காலத்தில் ஹாபிட்களில் பெரும் பணக்காரரும் பரம ஏழைகளும்தான் வளையில் வாழ்ந்தார்கள். ஏழையின் வளைக்கு ஒரே ஜன்னல், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. குடைய ஏற்ற குன்று எல்லா ஊரிலும் அமையாததால் மற்றவர்கள் தரைமேல் வீடு கட்டினார்கள். அந்த வீடுகளிலும் வட்டக் கதவும் வட்ட ஜன்னலும் வைத்தவர்கள் உண்டு.