சிறு அலைபேசி நிலையங்களை மேம்படுத்தும் அனுமதி: அமெரிக்க உள்ளாட்சி அதிகாரம், 1996–2025

அமெரிக்காவில் தெருவிளக்குக் கம்பங்களிலும் மின்கம்பங்களிலும் பொருத்தப்படும் சிறு அலைபேசி நிலையங்களுக்கு அனுமதி தருவது நகராட்சிகளும் கவுண்டிகளும்தான். அவற்றின் அதிகாரம் 1996 முதல் இரு வழிகளில் குறுகியது. ஒன்று காங்கிரஸ் நேரே இட்ட கட்டளை. மற்றொன்று பழைய சட்டத்துக்குக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் தந்த விளக்கம். இவ்விரண்டின் உறுதியும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், நிலையத்தின் இடத்தையும் மாற்றத்தையும் முடிவுசெய்யும் பொறுப்பை உள்ளாட்சிகளிடமே விட்டது. ஆனால் சேவையே கிடைக்காதபடி தடுக்கக் கூடாது. மறுப்பு எழுத்தில், சான்றுடன் இருக்க வேண்டும். ஆணைய வரம்புக்குட்பட்ட கதிர்வீச்சைக் காரணம் காட்டக் கூடாது. விண்ணப்பத்தை நியாயமான காலத்துக்குள் முடிக்கச் சொன்ன சட்டம், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. 2009இல் ஆணையமே கெடு விதித்தது: இருக்கும் அமைப்பில் கருவி சேர்க்க 90 நாள், மற்றவற்றுக்கு 150 நாள். டெக்சஸின் ஆர்லிங்டன் நகரம் வழக்காடியது. சட்டச் சொல் தெளிவற்றதானால் அரசு முகமையின் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்பது செவ்ரான் கோட்பாடு. தன் அதிகார எல்லை குறித்து ஆணையம் தரும் விளக்கத்துக்கும் அது பொருந்தும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மேம்படுத்தலுக்கென்றே காங்கிரஸ் இயற்றிய விதி, 2012 பிப்ரவரியில் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டத்தின் 6409ஆம் பிரிவு. ஏற்கெனவே உள்ள நிலையத்தின் பரிமாணத்தைக் கணிசமாக மாற்றாத விண்ணப்பத்தை உள்ளாட்சி மறுக்கக் கூடாது என்றது அது. ‘கணிசம்’ எது என்பதை ஆணையம் 2014இல் அளந்து சொன்னது. சாலையோரக் கம்பமானால், 10 விழுக்காடு அல்லது 10 அடி, எது கூடுதலோ அதுவரை உயர்த்தலாம். 60 நாளில் முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளப்படும். ஆகவே, 30 அடிக் கம்பத்தில் முதல் கருவிக்கு இசைந்த நகரம், பின்னர் அது 40 அடியாவதை உயரத்தை மட்டும் காட்டி மறுக்க இயலாது. கருவியைக் கண்ணில் படாமல் மறைக்கும் ஏற்பாட்டைக் குலைக்கும் மாற்றமும் ‘கணிசம்’ ஆகும் என்பதால், முதல் அனுமதியிலேயே மறைப்பு நிபந்தனைகளை எழுதிவைப்பது நகரங்களுக்குத் தற்காப்பாயிற்று. 2020 ஜூனில் ஆணையம் அந்நிபந்தனைகளின் வீச்சையும் சுருக்கியது.

இதற்கிடையே மாநிலங்களும் நுழைந்தன. 2017இல் அரிசோனா, டெக்சஸ், புளோரிடா ஆகியவை நகரங்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு கட்டின. புளோரிடாவில் அது கம்பத்துக்கு ஆண்டுக்கு 150 டாலர். அதே ஆண்டு கலிபோர்னியாவில் அத்தகைய மசோதாவை ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஏற்காமல் திருப்பினார். 2018இல் ஆணையம் நாடு முழுமைக்கும் விதி வகுத்தது: இருக்கும் கம்பத்துக்கு 60 நாள், புதியதற்கு 90 நாள், ஆண்டுக்கு 270 டாலர் வரையிலான கட்டணம் நியாயமானதாகக் கருதப்படும். 2020இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கெடுவையும் கட்டண விதியையும் ஏற்று, தோற்றம் குறித்த விதிகளில் ஒரு பகுதியை நீக்கியது.

இந்த 2018 விதியில், கெடு கடந்தால் தானாக அனுமதி கிடைக்காது. நிறுவனம் நீதிமன்றம் போக வேண்டும். அங்கேதான் நிலைமை மாறியுள்ளது. செவ்ரான் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024இல் கைவிட்டது. ஆணையத்தின் சட்ட விளக்கம் மாவட்ட நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2025இல் மெக்லாஃப்லின் வழக்கில் கூறியது. பழைய தீர்ப்புகள் இதனால் தாமாக வீழ்வதில்லை. ஆனால் கட்டணம், தோற்றம் பற்றிய புதிய வழக்குகளில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களை நீதிபதிகள் தாமே படித்துப் பொருள்கொள்வார்கள். 6409 விஷயத்திலும் அடிக்கணக்கு ஆணையத்தினுடையதே. ஆனால் மறுக்கக் கூடாது என்ற கட்டளை காங்கிரஸினுடையது. அதை மாற்றச் சட்டத்திருத்தம்தான் வேண்டும்.