நேரேஷன் இல்லாத வீடியோக்கள்

போன வாரம் என் பொண்ணு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வடிவேலு ஸ்டிக்கர் ஒண்ணு அனுப்பினா. ஒன்பதாவது படிக்கிறா. பிறந்து வளர்ந்தது எல்லாம் அடுகோடி. பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். "இவர் யாருன்னு தெரியுமாடா கண்ணு?"ன்னு கேட்டேன். "தெரியுமே, மீம் அங்கிள்"ன்னா. தங்கமணி சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

எங்க ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வெச்சுட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒலியும் ஒளியும் பார்த்த தலைமுறை நான். டி.வி. இருந்தது தெருவில் நாலைஞ்சு வீட்டில்தான். ஒரு பாட்டு வந்தா, அது எந்தப் படம், அதை எந்தக் கொட்டகையில் பார்த்தோம், அன்னிக்கு யார் யார் சண்டை போட்டாங்க என்பது வரைக்கும் எங்க அத்தை சொல்லிடுவாங்க. பாட்டு நாலு நிமிஷம். அத்தையின் விளக்கம் பத்து நிமிஷம். அப்போ அது தொந்தரவாத்தான் இருந்தது.

அப்புறம் பி.காம், வங்கி வேலை, 2005-ல் டிரான்ஸ்ஃபரில் பெங்களூர். பாஷ் கம்பெனிக்கு இன்னும் 'மைக்கோ'ன்னே பேர் இருந்த அடுகோடியில், கன்னடக்காரர் வீட்டின் கீழ் போர்ஷனில் குடியேறினேன். யூடியூப் பிறந்ததும் அதே 2005-ல்தான். அப்போ நம்ம நாட்டில் 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அதுக்குப் பேரு பிராட்பேண்ட். மூணு நிமிஷ வீடியோவை ஓட விட்டுட்டு, காபி குடிச்சுட்டு வந்தா பாதி வந்திருக்கும் :-)

அந்த நாளில் உலகம் சுத்தின முதல் தமிழ் வீடியோக்களில் ஒண்ணு, 2006-ல் வந்த 'லிட்டில் சூப்பர்ஸ்டார்'. குள்ளமான ஒருத்தர், நெதர்லாந்துக்காரங்க ரெண்டு பேர் 1986-ல் பாடின ராப் பாட்டுக்குப் பிரேக் டான்ஸ் ஆடுவார். அமெரிக்காவில் பார்த்துச் சிரிச்சாங்க. அது 'அதிசய பிறவி' (1990) படக் காட்சி. அதில் கூட இருப்பவர் ரஜினி, ஆடுபவர் நடிகர் கிங்காங். அந்தத் தலைப்பில் இந்த விவரம் எதுவுமே இல்லை.

அடுத்தது 2007. ஓஹையோ மாநிலத்து மைக் சட்டன் என்பவர், 'பெண்ணின் மனதைத் தொட்டு' (2000) படத்தில் பிரபுதேவா ஆடிய ஒரு காதல் பாட்டை எடுத்தார். தமிழ் வார்த்தைகள் அவர் காதில் ஆங்கிலமா எப்படி விழுந்ததோ அப்படியே சப்டைட்டில் போட்டு ஏத்திட்டார். 'பென்னி லாவா'ன்னு பேர் வாங்கின வீடியோ அதுதான். இசை எஸ்.ஏ.ராஜ்குமார் என்றோ, ஆடுபவர் யார் என்றோ யாரும் கேட்கலை.

ஒருநாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஆபீசில் ஒருத்தர் அதை லேப்டாப்பில் போட்டார். ஆறேழு பேர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேடிக்கையாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முடிஞ்சதும், "உங்க பாஷை நிஜமாவே இப்படித்தான் இருக்குமா?"ன்னு ஒருத்தர் கேட்டார். "இல்லைங்க"ன்னு சொல்லிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போயிட்டேன். அது ஒரு காதல் பாட்டு, வரிக்கு இதுதான் அர்த்தம்னு சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். சொல்லலை.

அன்னிக்குச் சாயங்காலம் மாடி ஓனர் ஆன்ட்டிகிட்ட இதைச் சொன்னேன். அவங்க கொஞ்சமும் அலட்டிக்கலை. ரஜினி பிறந்ததும் பஸ் கண்டக்டரா இருந்ததும் இதே பெங்களூர். பிரபுதேவா பிறந்தது மைசூர். "இப்ரூ நம்மோரே!" என்றார்கள். ரெண்டு பேருமே நம்ம ஆளுங்கதான். நமக்கு ஆளு, அவங்களுக்கும் ஆளு. சட்டனின் சப்டைட்டிலில் இதுவும் இல்லை.

2011 நவம்பர் 16-ல் 'கொலவெறி' வந்தது. தனுஷ் எழுதிப் பாடினது, அனிருத்துக்கு முதல் படம். ஒத்திகைப் பதிவு முன்னாடியே நெட்டில் கசிஞ்சதால் அவசரமா வெளியிட்டாங்க. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இந்தியாவே பாடிச்சு. ஆனா எனக்கு ஞாபகம் இருப்பது வேற விஷயம். நாலு வருஷம் முன்னாடி சிரிச்ச அதே ஆபீசில், "கொலவெறின்னா என்னங்க அர்த்தம்?"ன்னு என் டேபிளுக்கே வந்து கேட்டாங்க. இந்த முறை டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஓடலை.

இனி சொல்லப் போறது வேடிக்கை இல்லை. 2016 செப்டம்பர், காவிரிப் பிரச்சினை. கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து மீம் போட்டதாகச் சொல்லி, பெங்களூரில் ஒரு தமிழ் மாணவனை ஒரு கும்பல் அடிச்சது. அதோட வீடியோ பரவியது. பதிலுக்குத் தமிழ்நாட்டில் கன்னடக்காரர்களை அடிச்ச வீடியோ இங்கே வந்தது. செப்டம்பர் 12-ந்தேதி பஸ்கள் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. எங்க அடுகோடி அதில் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

அந்த மாணவன் வீடியோவை நானும் அனுப்பினேன். ஊரில் இருக்கும் தம்பிமாருக்கு, "பாருங்கடா இங்க நிலைமையை"ன்னு ஒரு வரியோட. ஒரு மணி நேரத்தில் வந்த பதில்களை இங்கே எழுத முடியாது. அதே நேரம் ஓனர் ஆன்ட்டி கீழே இறங்கி வந்து, தமிழ்நாட்டு நம்பர் போட்ட என் பைக்கை அவங்க கேட்டுக்கு உள்ளே தள்ளி வெச்சுட்டு, "ரெண்டு நாள் வெளியே போகாதப்பா, பால் நான் வாங்கித் தர்றேன்"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் அனுப்பின வீடியோவில் இந்த ஆன்ட்டி இல்லை. நான்தான் எழுதிச் சேர்த்திருக்கணும். மறுநாள் எழுதினேன். ஆனா முதல் செய்தி போன வேகத்தில் ரெண்டாவது போகலை.

காமர்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும். ஜர்னல் என்ட்ரி போட்டா கீழே நேரேஷன் எழுதணும். எதுக்காக வந்த பணம், எதுக்காகப் போனதுன்னு ஒரு வரி. அது இல்லாட்டி டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆனாலும், நாளைக்குப் பார்க்கிறவனுக்கு ஒண்ணும் விளங்காது. எங்க அத்தை ஒலியும் ஒளியும் பார்த்துட்டுப் பேசினது அத்தனையும் நேரேஷன். நாங்கதான் வெட்டிப் பேச்சுன்னு நினைச்சோம்.

கடைசியா 2019 மே மாதம். சிவில் இன்ஜினியரிங் சம்பந்தப்பட்ட ஒரு பேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க நாட்டில் இதுக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. நம்மாள் ஒருத்தர் பேரைச் சொன்னதோடு நிறுத்தாம, இது தலையில் விழுந்துதான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணிக்கு அடிபட்டதுன்னு கதையையும் சேர்த்துச் சொன்னார். அவர் உடம்பு இப்போ எப்படி இருக்குன்னு விசாரிப்பு வர, நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை பண்ணி டிரெண்டிங் ஆக்கிடுச்சு. 'ஃப்ரண்ட்ஸ்' (2001) படத்து வடிவேலு அவர். நம்ம ஐ.டி. மக்கள் ஆபீஸ் வேலையை 'ஆணி'ன்னு சொல்றதும் அதே படத்தின் தயவுதான். 2006-ல் கிங்காங் பேரை யாரும் கேட்கலை. 2019-ல் நேசமணி பேரை உலகமே சொல்லிச்சு. வித்தியாசம், ஒருத்தர் கதையையும் சேர்த்துச் சொன்னதுதான்.

போன வெள்ளிக்கிழமை பொண்ணை உட்கார வெச்சு அந்தச் சுத்தியல் காட்சியைப் போட்டேன். காட்சி மூணு நிமிஷம், என் விளக்கம் கால் மணி நேரம். "அப்பா, போதும்ப்பா"ன்னா. அத்தை ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் பாட்டிக்கு அதே காட்சியை அவளே அனுப்பியிருந்தா. கீழே தமிழில் ஒரு வரி, எழுத்துப் பிழையோட: "நேசமனி, படம் பிரண்ட்ஸ், அப்பா காலேஜ் படிக்கும்போது வந்தது."

நீங்க உங்க பிள்ளைங்களுக்கு எந்த வீடியோவைக் காட்டுவீங்க? கீழே என்ன எழுதுவீங்க?

டிஸ்கி: எழுத்துப் பிழையை நான் திருத்தலை. நேரேஷன் இருக்கு, எனக்கு அது போதும்.