தொட்டிலில் தொடங்கிய பிரெஞ்சுப் பாடம்

ஆள்வோரின் மொழியைத் தம் மக்களுக்கு இளமையிலேயே புகட்டிவிட வேண்டுமென்னும் வேட்கை பெற்றோர்க்குப் புதிதன்று. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தில் ஒரு தாய் தன் வீட்டில் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு கற்பிப்பதற்கென ஒரு நூல் இயற்றப்பட்டது. அந்நூலின் வரலாறு அறியத்தக்கது. அது உணர்த்தும் உண்மை சிந்திக்கத்தக்கது.

1066இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதுமுதல் அரசவையிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பிரெஞ்சு கோலோச்சிற்று. ஏர் பிடித்தவனும் ஆடு மேய்த்தவனும் ஆங்கிலம் பேசினர். ஆயின் 1204இல் ஜான் மன்னர் நார்மண்டியை இழந்தார். கடலுக்கு அப்பாலிருந்த நிலமும் உறவும் பிரபுக்களின் கையைவிட்டு நழுவின. சுற்றிலும் ஒலித்தது ஆங்கிலம். பிரபுவின் பிள்ளையும் அம்மொழியிலேயே மழலை பேசலாயிற்று. தாய்ப்பாலோடு வந்த பிரெஞ்சு, பாடமாகக் கற்க வேண்டிய மொழியாக மாறியது.

இந்நிலையில், 13ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், டயனீசியா என்னும் பிரபு குலப் பெண்மணிக்காகப் பிப்பஸ்வொர்த் வால்ட்டர் என்பவர் செய்யுள் நூலொன்றை எழுதித் தந்தார். பாட்டாக இருப்பின் பிள்ளைகள் நெஞ்சில் எளிதில் பதியும் என்பது பண்டை ஆசிரியர் பலரும் கண்ட வழி. அதே நூற்றாண்டில் இப்னு மாலிக் அரபு இலக்கணத்தை ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் பாடி வைத்ததை ஈண்டு நினைவுகூரலாம்.

வால்ட்டரின் நூல் இலக்கண விதிகளில் தொடங்கவில்லை; குழந்தையின் பிறப்பில் தொடங்குகிறது. பின்னர் உடலின் உறுப்புகள், உடை, உணவு என விரிகிறது. அடுத்து வீட்டு வாயிலைக் கடந்து வயலுக்குச் செல்கிறது. உழவு, ரொட்டி சுடுதல், சணல் நூற்றல், மீன் பிடித்தல், வீடு கட்டுதல் ஆகியவற்றிற்குரிய சொற்கள் வரிசையாக வருகின்றன. விலங்குகளும் பறவைகளும் எழுப்பும் ஒலிகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இறுதியில் ஒரு பெருவிருந்தோடு நூல் நிறைவுறுகிறது. வளர்ந்தபின் நிலத்தையும் குடும்பத்தையும் நிர்வகிக்க வேண்டிய பிள்ளைக்கு எச்சொல் வேண்டுமோ, அச்சொல்லையே ஆசிரியர் தேர்ந்தார்.

சொல் நுட்பத்தையும் அவர் விட்டாரில்லை. உதடு, முயல், இராத்தல், நூல் ஆகிய நான்கையும் குறிக்கும் சொற்கள் அக்காலப் பிரெஞ்சில் ஒலியால் ஒன்றையொன்று நெருங்கியவை. ஆண்பால் பெண்பால் பிறழ்ந்தால் பொருளும் பிறழும். சிவப்பு நிறம் ஒன்றே. எனினும் வீரனின் தலைமயிருக்கு ஒரு சொல், அவன் குதிரைக்கு ஒரு சொல், கேடயத்திற்கு ஒரு சொல். இவற்றையெல்லாம் குழந்தை விளையாட்டாகவே கற்கும்படி அவர் அமைத்தார்.

இந்நூலுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் இன்றும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் பிரெஞ்சு அடிகளுக்கு இடையே, சிறிய எழுத்தில், ஆங்கிலப் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இதனையே. பிரெஞ்சு கற்பிக்கப் பிறந்த நூலிலும் ஆங்கிலத்தின் துணையின்றி ஓரடி நகர முடியவில்லை! பிள்ளைக்குத் தெரிந்த மொழி அதுவே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த ஹிக்டன் என்னும் துறவி, உயர்குடிக் குழந்தைகள் தொட்டிற் பருவம்முதலே பிரெஞ்சு பழக்கப்படுவதையும், நாட்டுப்புறத்தாரும் மதிப்பை நாடி அதனைப் பின்பற்றுவதையும் எழுதினார். அவர் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த டிரெவிசா, 1385இல் தம் குறிப்பொன்றைச் சேர்த்தார். பள்ளிகள் ஆங்கிலத்திற்கு மாறிவிட்டன. உயர்குடியினரும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பிப்பதைப் பெரிதும் கைவிட்டனர் என்பது அதன் சாரம். இதனால் இலக்கணம் விரைவில் கைவருகிறது என மகிழ்ந்த அவர், அயல்நாடு செல்வோர்க்குப் பிரெஞ்சறியாமை குறையே என்றும் நடுநிலையோடு உரைத்தார். இதற்கிடையே, பிரெஞ்சு நாட்டில் பலருக்கு விளங்கவில்லையாதலால் நீதிமன்ற வழக்காடல் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டுமென 1362இல் சட்டம் பிறந்திருந்தது. அச்சட்டம் எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு!

வால்ட்டரின் உழைப்பு வீண் என்று யாம் கூறவில்லை. ஆங்கிலத்தில் இன்று வழங்கும் எண்ணற்ற சொற்கள் பிரெஞ்சு தந்த செல்வமே. பிறமொழி கற்றல் பேறுதான். ஆயினும், மதிப்புக்காக மட்டும் கற்கப்படும் மொழி, அம்மதிப்பு நீங்கியதும் வீட்டைவிட்டு விடைபெறுகிறது. அடிகளின் இடையே சிறிய எழுத்தில் ஒதுங்கி நின்ற மொழியோ, பின்னர் பக்கம் முழுவதையும் தனதாக்கிக்கொண்டது.