ஒபாமாகேர்: நோய் வந்த பிறகு இன்சூரன்ஸ் வாங்கினால் என்ன?

2013 அக்டோபர் 1. அமெரிக்க அரசு ஹெல்த்கேர்.கவ் என்ற இணையதளத்தைத் திறந்தது. கம்பெனி மூலம் மருத்துவக் காப்பீடு கிடைக்காதவர்கள் பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதற்கான சந்தை அது. லட்சக்கணக்கானோர் முட்டி மோதினார்கள். முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். ஆறாயிரம் இல்லை, ஆறே ஆறு பேர்!

சாஃப்ட்வேர் கோளாறைச் சரி செய்துவிட்டார்கள். 2014 ஏப்ரலில் முதல் பதிவுக்காலம் முடிந்தபோது, மாநிலச் சந்தைகளையும் சேர்த்து சுமார் 80 லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். ஆனால் அந்தச் சந்தை தீர்க்க வந்த சிக்கல் மிகவும் பழையது.

1929-ல் டல்லஸ் நகரத்து பேய்லர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு வருடத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரி வாசம் தருவதாக ஒப்பந்தம் போட்டது. பிறகு உலகப்போர் வந்தது. 1942-ல் அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட, ஆள் கிடைக்காத முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தார்கள். 1954 வரிச்சட்டம் அதற்கு வரி கிடையாது என்று உறுதி செய்தது. போர்க்கால ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது. 1965-ல் முதியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் வந்தன. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சிறுகடைக்காரர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள், வேலை போனவர்கள். இவர்கள் தனியாக பாலிசி கேட்டால் பல மாநிலங்களில் முதல் கேள்வியே "ஏற்கனவே என்ன வியாதி?" என்பதுதான். சர்க்கரை, ஆஸ்துமா என்றால் கதவு மூடிவிடும்.

"இனி யாரையும் மறுக்கக்கூடாது என்று சட்டம் போட்டால் போயிற்று" என்று தோன்றும். 1993-ல் நியூயார்க் மாநிலம் அதைத்தான் செய்தது. கிழவரானாலும் இளைஞரானாலும் ஒரே பிரீமியம் என்றும் சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்றால் ஆரோக்கியமானவன் ஏன் இப்போதே சேர வேண்டும்? இளைஞர்கள் கழன்றுகொண்டார்கள். மிச்சமிருந்தவர்கள் நோயாளிகள், அதனால் பிரீமியம் ஏறியது. ஏறியதும் இன்னும் கொஞ்சம் பேர் விலகினார்கள், மறுபடி ஏறியது. காமர்ஸ் பாடப்புத்தகத்தில் 'அட்வர்ஸ் செலக்‌ஷன்' என்று இரண்டு மார்க் கேள்வியாக வருவது அங்கே ஒரு மாநிலச் சந்தையையே கரைத்துவிட்டது.

இதற்கு மருந்து கண்டது மாசசூசெட்ஸ். 2006-ல் ஆளுநர் மிட் ராம்னி கையெழுத்திட்ட சட்டம் ஒரு முக்காலி மாதிரி. யாரையும் மறுக்கக்கூடாது, எல்லோரும் வாங்கியே ஆகவேண்டும், வாங்க முடியாதவர்களுக்கு அரசு மானியம் தரும். 2010 மார்ச் 23-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டமும் இதே முக்காலிதான். (2012 தேர்தலில் அதை ஒழிப்பேன் என்று ஒபாமாவை எதிர்த்து நின்றவர் அதே ராம்னி. அரசியல்!) 2014-ல் இது அமலானபோது நியூயார்க்கில் தனிநபர் பிரீமியம் சுமார் பாதியாகக் குறைந்தது.

சந்தையின் விதிகள் பலவும் இந்த ஒரு பயத்திலிருந்து வந்தவைதான். வருடக் கடைசியில் சில வாரங்கள் மட்டுமே பதிவு. அதை விட்டால் கல்யாணம், குழந்தை, வேலை இழப்பு மாதிரி காரணம் இருந்தால்தான் 60 நாள் அவகாசம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலிசி வாங்க முடியாது. வாங்காதவர்களுக்கு 2016-ல் அபராதம் 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5%, எது அதிகமோ அது.

முக்காலிக்கு முதல் அடி 2012-ல் விழுந்தது. உச்ச நீதிமன்றம் அபராதத்தை வரி என்று சொல்லிக் காப்பாற்றிவிட்டு, மெடிகெய்ட் விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பரம ஏழைகளை மெடிகெய்ட் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி எழுதிய சட்டம் என்பதால், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சந்தை மானியம் பொதுவாகக் கிடையாது. விரிவாக்காத டெக்சாஸில் மானியம் பெற முடியாத அளவுக்கு ஏழையாக இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைவிட விசித்திரமான விதி வேறு இருக்குமா தெரியவில்லை.

2017 ஜூலையில் சட்டத்தை நீக்கும் முயற்சி செனட்டில் 49-51 என்று தோற்றது. ஆனால் அந்த டிசம்பரில் வந்த வரிச்சட்டம் 2019 முதல் அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. ஒரு கால் போன முக்காலி விழும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். விழவில்லை. மானியம் வருமானத்தோடு கட்டப்பட்டது, பிரீமியம் ஏறினால் ஏற்றத்தை அரசே தாங்கும். ஆக, ஆட்களை உள்ளே இழுத்ததில் அபராதத்தைவிட மானியத்துக்குத்தான் பங்கு அதிகம். 2021-ல் பைடன் அரசு மானியத்தை உயர்த்தி, யாரும் வருமானத்தில் 8.5%-க்கு மேல் கட்ட வேண்டாம் என்றது. பதிவு 1.2 கோடியிலிருந்து 2025-ல் 2.4 கோடியைத் தாண்டியது.

அந்தக் கூடுதல் மானியத்துக்குக் கெடு 2025 டிசம்பர் 31. அதை நீட்டிக்கும் சண்டையில்தான் அமெரிக்க அரசு அந்த ஆண்டு 43 நாள் முடங்கியது. நீட்டிக்கப்படாமலேயே கெடு முடிந்தது. பழைய வரம்பு திரும்பி வந்தது: வறுமைக்கோட்டின் நான்கு மடங்கைத் தாண்டினால் மானியமே இல்லை. 2026-க்கு, தனிநபர் என்றால், அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற மாநிலங்களில் அது 62,600 டாலர்.

60 வயதுக்காரர் ஒருவருக்கு மானியக் கணக்குக்கு அடிப்படையான பாலிசி வருடம் 14,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் சரியாக 62,600 என்றால் அவர் பங்கு 9.96%, அதாவது 6,235 டாலர். மீதி 7,765 மானியம். ஒரு டாலர் கூடினால் முழு 14,000-மும் அவர் தலையில். மானியத்தை உத்தேச வருமானத்தை வைத்து முன்கூட்டியே கொடுக்கிறார்கள். டிசம்பரில் சின்னதாக ஒரு வேலை கிடைத்து வரம்பைத் தாண்டிவிட்டால், அடுத்த வருடம் வரிக்கணக்குத் தாக்கல் செய்யும்போது 7,765 டாலரையும் திருப்பிக் கட்ட வேண்டும்.