மாலிந்திக் கடலின் ஏவுமேடை

கென்யாவின் மாலிந்தி நகரை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில், இரும்புக் கால்களைக் கடலடி மணலில் ஊன்றி நிற்கும் சான் மார்க்கோ என்னும் மேடையிலிருந்து, 1967 ஏப்ரல் 26 அன்று ஒரு செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. கடல்மேடையிலிருந்து புறப்பட்ட ஒரு செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது அதுவே முதல்முறை. மேடை இத்தாலியுடையது, ராக்கெட் அமெரிக்காவுடையது, எதிரே தெரிந்த கரையோ விடுதலை பெற்று நான்கு ஆண்டுகள்கூட நிறையாத கென்யாவுடையது. இம்மூன்றையும் ஓரிடத்தில் கூட்டிவைத்தவர் ரோம் பல்கலைக்கழகப் பேராசிரியரும் இத்தாலிய விமானப்படை அதிகாரியுமான லூயிஜி புரோலியோ ஆவார். 1962இல் நாசாவுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இத்தாலியக் குழுவினர் அமெரிக்காவில் பயிற்சி பெற்று, 1964 டிசம்பர் 15 அன்று தங்கள் முதல் செயற்கைக்கோளை வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து தாமே ஏவிப் பழகிய பிறகுதான் கடலுக்கு வந்தனர்.

இத்தனை சிறிய மேடை ஏவுதளமாக முடிந்ததற்குக் காரணம் அந்த ராக்கெட்டின் எரிபொருள். திரவ எரிபொருள் ராக்கெட் என்றால் சேமிப்புத் தொட்டிகள், குழாய்கள், பம்புகள், கடைசி நேரத்தில் எரிபொருளை நிரப்பும் ஏற்பாடுகள் என ஒரு சிறு தொழிற்சாலையே அதன் காலடியில் இருந்தாக வேண்டும். திட எரிபொருளிலோ எரியும் பொருளும், அது எரிவதற்கான ஆக்சிஜனைத் தரும் வேதிப்பொருளும் ஆலையிலேயே ஒன்றாகப் பிசையப்பட்டு, ரப்பர் போல இறுகிய கட்டியாக ராக்கெட்டின் உறைக்குள் வார்க்கப்பட்டுவிடுகின்றன. பற்றவைத்தபின் நடுவில் அணைக்க இயலாது என்பதே அதற்குக் கொடுக்க வேண்டிய விலை. சான் மார்க்கோவில் பயன்பட்ட ஸ்கவுட் என்னும் ராக்கெட் நான்கு அடுக்குகளிலும் திட எரிபொருளே கொண்டது. 1961 பிப்ரவரியில் எக்ஸ்புளோரர் 9 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்ததன் மூலம், முழுவதும் திட எரிபொருளால் இயங்கி அதைச் சாதித்த முதல் ராக்கெட் என்ற பெயரையும் அது பெற்றிருந்தது. அதன் அடுக்குகளுக்கு விண்மீன்களின் பெயர்களைச் சூட்டியிருந்தனர். அவற்றுள் மூன்றாவதான அன்டாரஸ் நம் பஞ்சாங்கத்தின் கேட்டை, நான்காவதான ஆல்டேர் திருவோணம்.

ஸ்கவுட்டைப் படுக்கைவாட்டில் வைத்துப் பொருத்திச் சோதித்து, ஏவுவதற்கு முன் நிமிர்த்தினால் போதும். அந்த வேலை சான் மார்க்கோ மேடையில் நடக்க, சில நூறு மீட்டர் தள்ளி நின்ற சாந்தா ரீத்தா என்னும் இன்னொரு மேடையிலிருந்து கேபிள்கள் வழியே ஏவுதல் கட்டுப்படுத்தப்பட்டது. சாந்தா ரீத்தா முன்பு எண்ணெய்த் துரப்பண மேடையாக இருந்தது. 1964 மார்ச்சில் அங்கிருந்து முதலில் பறந்தது நைக்கி அப்பாச்சி என்னும் சிறு ஆய்வு ராக்கெட். அதற்கு நான்கு மாதங்கள் முன்னர் கேரளத்தின் தும்பாவில் இந்திய விண்வெளி முயற்சியைத் தொடங்கி வைத்ததும் அதே வகை ராக்கெட்தான்.

நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ 3 பாகை மட்டுமே விலகிய இடம் என்பது இந்தக் கடற்பகுதியின் பெரும் சிறப்பு. அங்கே பூமியின் சுழற்சியே கிழக்கு நோக்கிப் பறக்கும் ராக்கெட்டுக்கு நொடிக்கு 460 மீட்டருக்கு மேலான வேகத்தை இலவசமாகத் தந்துவிடுகிறது. மேலும், ஓரிடத்திலிருந்து நேராக ஏவப்படும் செயற்கைக்கோளின் பாதை நிலநடுக்கோட்டிலிருந்து சாயும் கோணம் அவ்விடத்தின் அட்சரேகையைவிடக் குறைய முடியாது. குறைக்க வேண்டுமானால் வழியில் ராக்கெட்டைத் திருப்ப வேண்டும், திருப்புவதற்கு எரிபொருளைச் செலவிட வேண்டும். சிறிய ராக்கெட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

புரோலியோ அளக்க விரும்பியது மேல்வளிமண்டலத்தின் அடர்த்தியை. அதற்கு அவர் வகுத்த கருவி எளிமையால் வியக்க வைப்பது: செயற்கைக்கோளின் உருண்டையான வெளிக்கூடும் கனமான உட்பகுதியும் மீள்தன்மை உள்ள இணைப்புகளால் பிணைக்கப்பட்டிருக்கும், மிக மெல்லிய காற்று வெளிக்கூட்டை உரசிப் பின்தள்ளும்போது, உட்பகுதியை நோக்க அது நூலிழை அளவு நகரும், அந்த நகர்வை அளந்தால் காற்றின் தடையும், தடையிலிருந்து அடர்த்தியும் தெரிந்துவிடும். ஒரு வகையில் செயற்கைக்கோளே தராசாகிவிட்டது.

ஆயினும் மேடைக்குப் புகழ் தேடித்தந்தது வேறொரு செயற்கைக்கோள். 1970 டிசம்பர் 12, கென்ய விடுதலையின் ஏழாம் ஆண்டு நிறைவு நாளன்று, நாசாவின் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் இங்கிருந்து ஏவப்பட்டு, சுவாஹிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும் ‘உஹுரு’ என்ற பெயரைப் பெற்றது. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய மின்துகள்கள் தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே தாழ இறங்கி எக்ஸ் கதிர் உணரிகளைக் குழப்புவதால், அவற்றைப் பெரும்பாலும் தவிர்த்துச் செல்லும் நிலநடுக்கோட்டுப் பாதையே அதற்கு உகந்ததாயிற்று. உஹுருவின் பட்டியல் 339 எக்ஸ் கதிர் மூலங்களைத் தந்தது. சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு கருந்துளையாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றதும் அதன் பதிவுகளால்தான். அத்திட்டத்தின் அறிவியல் தலைவர் ரிக்கார்டோ ஜக்கோனி 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1988 மார்ச் 25 வரை ஒன்பது செயற்கைக்கோள்கள் மேடையிலிருந்து ஏவப்பட்டன, ஒன்றுகூடத் தவறவில்லை. மேடை ஓய்ந்தது அதன் குறையால் அன்று. ஸ்கவுட் தூக்கக்கூடிய எடை 200 கிலோவை ஒட்டியே நின்றுவிட, செயற்கைக்கோள்களோ கனத்துக்கொண்டே போயின. 1994இல் ஸ்கவுட்டும் விடைபெற்றது. கடலிலிருந்து திட எரிபொருள் ராக்கெட்டை ஏவும் முறைக்கு 2019 ஜூனில் சீனா மஞ்சள் கடலில் ஒரு மிதவையிலிருந்து லாங் மார்ச் 11ஐச் செலுத்தி மறுவாழ்வு தந்தது. உள்நாட்டுத் தளங்களிலிருந்து ஏவும்போது கழன்று விழும் அடுக்குகள் ஊர்களின் அருகே விழும் தொல்லை கடலில் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். 2007 ஏப்ரலில் இத்தாலி தன் 352 கிலோ எடையுள்ள ஆஜிலே என்னும் காமா கதிர்ச் செயற்கைக்கோளை நிலநடுக்கோட்டுப் பாதைக்கு அனுப்ப விரும்பியபோது, அது புறப்பட்டது சான் மார்க்கோவிலிருந்து அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில். அதன் தரவுகள் வந்திறங்கிய தரைநிலையம் மட்டும் மாலிந்திக் கரையில் இருந்தது.