பிறவிக் குற்றவாளி என்றொரு கற்பனை

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் பீங்கான் தொழிற்பேட்டையும் நம் நினைவுக்கு வரும். இவ்வட்டாரத்தின் பெயர் இன்னொரு பதிவேட்டிலும் இடம்பெற்றிருந்ததை நாம் மறந்துவிட்டோம். அருகிலுள்ள வேப்பூரின் பெயரால் 'வேப்பூர்ப் பறையர்' என்று குறிக்கப்பட்ட மக்களை ஆங்கில அரசு குற்றப்பரம்பரையினர் பட்டியலில் சேர்த்தது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் அசீஸ்நகர்க் குடியிருப்பு அவர்களுக்காகவே அமைந்தது.

ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான்? 1876-இல் இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ இதற்கு விடை கண்டதாக நம்பினார். மண்டையோட்டின் அமைப்பிலும் தாடையின் அகலத்திலும் 'பிறவிக் குற்றவாளி'யை அடையாளம் காணலாம் என்றார். இந்தியாவில் முதல் குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இலேயே வந்துவிட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அறிவியலைக் கேட்டுச் சட்டம் பிறக்கவில்லை. சட்டத்தின் ஐயத்துக்கு அறிவியல் பின்னால் வந்து துணைநின்றது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்திற்று. கைரேகைப் பதிவு, ஊர்விட்டு ஊர்போக அனுமதிச் சீட்டு, வேளைதோறும் ஆஜர் என்று குற்றமே செய்யாதவரும் கட்டுண்டனர்.

1913-இல் இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, லொம்புரோசோ சொன்ன உடல்வகை எதுவும் இல்லை என்று நிறுவினார். நம் மாகாணத்துப் பதிவேடுகளோ மூடப்படவில்லை.

இன்றைய உளமருத்துவம் குலத்தைக் கேட்பதில்லை. தனிமனிதரின் மனநிலையை ஆராய்கிறது. 12 நாடுகளின் 62 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் லான்செட் இதழில் வெளிவந்த கட்டுரையின்படி, ஆண் கைதிகளில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினருக்கு உளப்பிறழ்வு நோயும், 10 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வும், 65 விழுக்காட்டினருக்கு ஆளுமைக் கோளாறும் காணப்பட்டன. கடைசி எண்ணைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. சமூகவிரோத ஆளுமைக் கோளாறை அறியும் அளவுகோல்களில் சட்டமீறலும் ஒன்று. ஆகவே சிறைக்குள் அது மிகுந்து தோன்றுவது இயல்பே. மனச்சோர்வையோ சிறையே உண்டாக்கவும் கூடும். நோயுற்றோர் அனைவரும் குற்றவாளிகள் என்று இந்த எண்கள் சொல்லவில்லை. சிகிச்சை வேண்டுவோர் பலர் கம்பிகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதே அவற்றின் செய்தி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநிலந்தோறும் ஒரு சிறையிலேனும் மனநல மருத்துவப் பிரிவு இருக்க வேண்டும் என்கிறது.

குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீங்கியது. ஐயம் நீங்கிற்றா? 1993-இல் விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தின் ராஜாக்கண்ணு, நகைத் திருட்டு வழக்கில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் குறவர் சமூகத்தவர். குறவரின் பல பிரிவுகள் அந்தப் பழைய பட்டியலில் இருந்தவை. அவர் தப்பியோடிவிட்டதாகக் காவலர்கள் சொன்னார்கள். மனைவி உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். கணவர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டது வெளிப்பட்டது. காவலர்கள் தண்டனை பெற 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. 2021-இல் 'ஜெய் பீம்' திரைப்படம் அவரை இருளராக மாற்றிக் காட்டியது.

குற்றவாளியின் மனத்தை ஆராய்வது தேவையான கல்விதான். ஆனால் அந்தக் கேள்வியை ஒவ்வொரு மனிதரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். ஊரின் பெயரையும் குலத்தின் பெயரையும் விடையாக எழுதி வைத்துக்கொண்டு கேட்டதன் விலையை வேப்பூரும் முதனையும் கொடுத்திருக்கின்றன.